கற்பூரம் முகர்ந்தால் மலையில் ஆக்சிஜன் ஏறாது

"லடாக் மலையேற்றம் போறவங்க கர்ச்சீப்பில் கற்பூரமும் ஓமமும் முடிந்து பையில் வையுங்க, முகர்ந்தா ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும், ஓய்வு நாள் வேண்டாம்" என்று டெல்லித் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியைத் தரும், மூச்சு லேசானதுபோலத் தோன்றும். அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. குழந்தைகள் விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம்.

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் லே நகரம், சுமார் 3,500 மீட்டர் உயரம். உடம்பு பழக முதல் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். அதற்குமேல் ஏறும்போது, தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் அதிகமானால் உடனே கீழே இறங்குங்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் 'யெல்லோ புக்' பயணக் கையேட்டில் இதைச் சரிபார்க்கலாம், இணையத்தில் இலவசம்.

உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறுக்கான மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.