இறால் படம் ஒண்ணு போதுமா?
எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் சூழல் தகவலைப் பதிய, காங்கோ காட்டில் ‘சப்பெல்லி’ங்கிற படப் பொத்தான் செயலி பயன்பட்டதை ஒரு கட்டுரையில படிச்சேன். நல்ல விஷயம்தான். ஆனா அது மாதிரி செயலியை இங்க கொண்டு வரணும்னா, வடசென்னையில மீனவங்க நாங்க இருக்கிற எண்ணூருக்கும் ஒருதடவை வாங்க.

2023 டிசம்பர்ல கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல எண்ணெய் படர்ந்தப்போ எங்க ஆளுங்க போன்ல வீடியோ எடுத்தாங்க, வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினாங்க. டைப் பண்ணவங்க கம்மி. அதனால படத்தோட மைக் பட்டனும் வேணும். இறால்னு ஒரே படம் போட்டா எங்க அத்தை சிரிக்கும்: வெள்ளை இறாலா, கருப்பு இறாலா? படத்தை இறால் பிடிக்கிறவங்களையே வரையச் சொல்லுங்க. ஈரக் கைக்குத் தொடுதிரை சரியா வேலை செய்யாது, உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியாது.

பதிஞ்சது யார் கைக்குப் போகும்னு முதல்லயே சொல்லணும். இறால் கிடைக்கிற இடத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்க எவன் சம்மதிப்பான்?