நாள் முழுக்க ஓடியும் வேலை ஏன் நகரவில்லை

"மூச்சு விட நேரமில்லை" என்று சொல்பவருக்கு நம்மிடையே தனி மரியாதை உண்டு. மேசையில் கையை ஊன்றி அரைமணி நேரமாக ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கண்டால் "சும்மாதானே இருக்கிறார், இந்த வேலையையும் கொடுத்துவிடலாம்" என்று தோன்றுகிறது. நாம் மரியாதையை ஆள் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒருவர் ஓர் அறிக்கை எழுத வேண்டும். மூன்று வழிகளில் எது சரி என்று பரிந்துரைக்க வேண்டும், அதுதான் அந்த அறிக்கையின் உயிர். காலையில் உட்காருகிறார். தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்குகிறார். அட்டவணையில் ஒரு கட்டம் குறுகலாகத் தெரிகிறது, இழுத்து அகலமாக்குகிறார். ஒரு மின்னஞ்சல் வருகிறது, உடனே பதில் போகிறது. போன வருட அறிக்கையிலிருந்து முன்னுரையை எடுத்து ஒட்டி, தேதியை மாற்றுகிறார். கோப்புக்கு 'இறுதி' என்று பெயர் வைக்கிறார். சாயங்காலம் அது 'இறுதி 2' ஆகிவிடுகிறது. 'பரிந்துரை' என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் இன்னும் ஒரு வரிகூட இல்லை.

இவரைச் சோம்பேறி என்று சொன்னால் அது அநியாயம். நிஜமாகவே களைத்துப்போயிருக்கிறார். ஆனால் அன்று அவர் செய்த எதிலும் தோற்றுப்போக வாய்ப்பில்லை. கட்டத்தை அகலமாக்கினால் அகலமாகும், அவ்வளவுதான். பரிந்துரை அப்படியில்லை. யோசித்து எழுத வேண்டும், எழுதியது தப்பாகலாம், நாளைக்கு நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அந்த பயம் இருக்கும் இடத்தில்தான் அசல் வேலை இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெயர்தான் பரபரப்பு. வேலையிலிருந்து தப்பிக்க நாம் கண்டுபிடித்த வழிகளிலேயே ரொம்ப கௌரவமான வழி இதுதான், ஏனென்றால் இதுவும் வேலை மாதிரியே இருக்கும்.

இதில் நம் உணர்வை நம்ப முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்களுக்குச் சிறு கட்டுரை ஒன்றைக் கொடுத்து, நாலு சுற்று திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். சராசரியாக 14 தடவை படித்து முடித்தார்கள். இன்னொரு குழு ஒரே ஒரு சுற்றுதான் படித்தது, அதாவது மூன்று நாலு தடவை. அப்புறம் கட்டுரையை வாங்கி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார்கள். அப்படி மூன்று சுற்று.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதையே வேறு. 14 தடவை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் நின்றது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதைவிட என்னை யோசிக்க வைத்த விஷயம், நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் அந்த 14 தடவைக்காரர்கள்தான். கண் வரிகளில் சரளமாக ஓடுகிறது, பார்த்த வரியாகவே இருக்கிறது, அதனால் புரிந்துவிட்டது என்று தோன்றிவிடுகிறது. வெள்ளைத்தாளின் முன்னால் உட்கார்ந்தவருக்கு அந்த சுகம் கிடைப்பதில்லை. ரெண்டு வரி எழுதியதும் நின்றுபோகிறது. தெரியாதது எது என்று பளிச்சென்று தெரிகிறது. எரிச்சலாக இருக்கும். ஆனால் உழைப்பு நடக்கும் இடம் அதுதான். புத்தகம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போட்டுவிட்டு, "எவ்வளவோ படித்தேன், பரீட்சையில் ஒன்றுமே வரவில்லை" என்று அழும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் "இன்னும் ரெண்டு மணி நேரம் கூடப் படி" என்று சொல்லும் பெரியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

மணி நேரத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் வெடிமருந்து, தளவாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நேரத்தையும் உற்பத்தியையும் அரசுக் குழு ஒன்று பதிவு செய்து வைத்தது. அந்தக் கணக்குகளை 2014இல் ஜான் பென்கவெல் என்ற பொருளாதார அறிஞர் திரும்ப ஆராய்ந்தார். வாரம் சுமார் 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவுக்குக் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தில் வந்த உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்தில் வந்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, போர் நடக்கிறது. இடையில் அந்த 14 மணி நேரமும் உடம்பைத் தேய்த்தது தவிர வேறெதுவும் செய்யவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "பலன் தெரியாத வேலையெல்லாம் வெட்டிப் பரபரப்பு" என்று யாராவது இதைப் புரிந்துகொண்டால் எனக்கு அதில் சம்மதமில்லை. பாத்திரம் கழுவுவது, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது, இயந்திரத்துக்கு நேரத்துக்கு எண்ணெய் போடுவது, கணக்கை அன்றன்றே எழுதி வைப்பது, இவற்றுக்கெல்லாம் முடிவே கிடையாது. புதிதாக எதுவும் உருவாவதில்லை. நாளைக்கும் அதே வேலைதான். ஆனால் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், வீடும் நாறும், தொழிற்சாலையும் நிற்கும். இதையே வாராந்திரக் கூட்டத்துக்கும், ஐந்து பேருக்கு நகல் போகும் மின்னஞ்சலுக்கும், யாரும் திறக்காத படிவத்துக்கும் செய்து பார்க்கலாம். ஒரு மாதம் நிறுத்தியும் ஒருவரும் கேட்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. பராமரிப்பு வேலை செய்பவர்களைப் பார்த்து "என்ன சாதித்தாய்" என்று கேட்பவர்கள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

அசல் வேலை வெளியே எப்படித் தெரியும் என்பதற்குக் கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 350 வருடங்களாக யாராலும் நிரூபிக்க முடியாத ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை அவர் 1986இல் கையில் எடுத்தார். ஏழு வருடம், பெரும்பாலும் வீட்டு மாடி அறையில், கிட்டத்தட்ட யாருக்கும் சொல்லாமல். சக பேராசிரியர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, முன்பே முடித்து வைத்திருந்த வேறு ஆய்வுகளைத் துண்டு துண்டாக்கி அவ்வப்போது கட்டுரைகளாக வெளியிட்டார். ஊர் கண்ணுக்குத் தெரிந்த 'உழைப்பு' அந்தக் கட்டுரைகள். வாழ்நாள் வேலையோ யாருக்கும் தெரியாமல் மாடியில் நடந்தது. 1993இல் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை அடைக்க மேலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு பெரிய கணிதமேதையே, சும்மா இருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அப்படியென்றால், அரட்டைச் செயலியில் ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைந்துவிடக் கூடாது என்று மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஊழியரை எப்படிக் குறை சொல்வது? அந்தப் புள்ளியை எண்ணிச் சம்பளம் தீர்மானிப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆள்களை மேய்க்கும் பொறுப்பில் இருப்பவர்களிடமும், பெற்றோரிடமும், ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "இன்று என்னென்ன செய்தாய்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் நீளமாகப் பட்டியல் போடலாம். இரண்டாவது கேள்விக்கு, அந்தக் கடினமான இடம் வரை போனவரால் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். "இந்த மூன்று வழியில் ரெண்டாவதில் செலவு குறைவு, ஆனால் ஆள் போதாது, அங்கேதான் நிற்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கையில் ஒரு பக்கம்கூட இல்லாவிட்டாலும் அவர் அன்று வேலை செய்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தால், நாளையிலிருந்து அவரும் கட்டங்களை அகலமாக்க ஆரம்பித்துவிடுவார்.