அம்மா போன நைட் ஷிப்டுக்கு மகள் போகக் கூடாதா?

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மகளை அழைத்துக்கொண்டு சென்ற வாரம் பினாங்கு மாநிலத்துப் பிறையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்கார அண்ணன் ஒருவர், நான் பதினாறு ஆண்டுகளாகக் கணினித் துறையில் இருப்பதால், என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: “கம்ப்யூட்டரே படிக்கட்டும். ஏர்கோன்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை, பொம்பளப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.” மகள் குனிந்த தலை நிமிராமல் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்தக் காரணத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அமெரிக்காவில் 1984-இல் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் சுமார் 37 விழுக்காட்டினர் பெண்கள். பின்னர் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டில் கதையே வேறு. மலேசியாவில் கணினி வகுப்புகளில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் என்று வியந்து, பினாங்கில் ஆராய்ந்து, சுவீடன் நாட்டு ஆய்வாளர் உல்ஃப் மெல்ஸ்த்ரோம் 2009-இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த விளக்கங்களில் ஒன்று அண்ணன் சொன்னதேதான்: கூரைக்குக் கீழே, மேசை முன்னால் பார்க்கும் வேலை, ஆகவே பெண்களுக்கு ஏற்றது. என் அப்பாவும் அதை நம்பித்தான் என்னைப் படிக்க அனுப்பினார்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே காரணம் காலைக் கட்டுகிறது. வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் நள்ளிரவில்தான் பெரிய மென்பொருள் மாற்றங்களைச் செய்வார்கள்; கோளாறு வந்தால் ‘ஸ்டேண்ட்பை’யில் இருப்பவருக்குப் பின்னிரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அலறும். எழுந்து உட்கார்ந்து, எந்த நிரல் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தேடிப் பிடிப்பவருக்குத்தான் அமைப்பின் உள்வயிறு தெரியும். எனக்குக் குழந்தை பிறந்ததும் ஸ்டேண்ட்பை பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை, கரிசனமாகத்தான் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குழுத் தலைமைப் பொறுப்பு, அந்தப் பட்டியலில் தொடர்ந்து இருந்தவருக்குப் போனது. இதில் குறை சொல்ல வாய் வரவில்லை, அவருக்கு உண்மையிலேயே என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

அப்போதெல்லாம் அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன். 1972-இல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை உருவானது. அதே ஆண்டு கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. பின்னாளில் அங்கு வந்த பல ஆலைகளுள் ஒன்றில் அம்மா ஆப்பரேட்டராக இருந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. இரவில் பாக்டரி பஸ் ஏறிப் பாலம் தாண்டித் தீவுக்குப் போவார். காலையில் சிவந்த கண்ணோடு வந்து, எனக்குச் சடை பின்னிவிட்டுத்தான் படுப்பார். இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே தொழிற்சாலைகளில் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொன்ன காலம் அது. விலக்கு வாங்கித்தான் நைட் ஷிப்டு ஓடியது. அந்தப் பிரிவே 2023 ஜனவரி 1-இல் நீக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் பாதுகாப்பைப் பற்றி எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அன்று யாரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. மகள் பட்டம் வாங்கிச் சொந்த வீட்டில் மடிக்கணினியோடு விழித்திருந்தால் மட்டும் எல்லாருக்கும் கவலை வந்துவிடுகிறது.

அண்ணனிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். படிக்க வையுங்கள், ஆனால் உட்கார்ந்த வேலை என்று சொல்லி அனுப்பாதீர்கள். கோலாலம்பூருக்கோ பெங்களூருக்கோ போகச் சொன்னால் தடுக்காதீர்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது, இரவில் அழைப்பு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாரா என்று கேளுங்கள் என்றேன். கடைசியாகச் சொன்னதற்கு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதுவரை பேசாதிருந்த பெண் கைப்பேசியைக் கீழே வைத்தாள். “அத்தை, ரெண்டு மணிக்குப் போன் வந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க?” என்று கேட்டாள். மடிக்கணினியைத் திறந்து, முந்தைய வாரத்துக் கோளாறின் பதிவுகளை வரி வரியாகக் காட்டத் தொடங்கினேன். நேரமாகிறது என்று அண்ணன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.