"எல்லாம் செய்யுங்கள்" என்று சொன்னவன் நான்

அப்பாவின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். இறுக்கமாக அல்ல. பஞ்சு சுற்றி, அதன்மேல் வெள்ளை பண்டேஜ் துணியால். தொண்டைக்குள் போயிருந்த குழாயை அவர் பிடுங்கிவிடக் கூடாதாம். பார்வையாளர் நேரத்தில் தாதி வலக்கையை மட்டும் அவிழ்த்துவிட்டார். அப்பா என் உள்ளங்கையைத் திருப்பி, சுட்டுவிரலால் மெதுவாக எழுதினார். 'வீ'. பிறகு 'டு'.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு அந்தத் தனியார் வைத்தியசாலையிலிருந்து பத்து நிமிடத் தூரம். "சுகமானதும் போகலாம் அப்பா" என்றேன். சுகமாகாது என்று எனக்குத் தெரியும். ஐந்து நாட்களில் அந்த வைத்தியசாலையிலேயே இறந்துபோனார்.

வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. வயது 81. டொக்டர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்." தாங்கமாட்டார் என்று நாங்களே தீர்மானித்தோம். மூன்று மாதம் அல்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டில் மின்சாரக் கட்டணம் முதல் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை அவரைக் கேட்டுத்தான் நடக்கும். அவருடைய உடம்பைப் பற்றி மட்டும் அவரைக் கேட்கவில்லை.

மூச்சு திணறத் தொடங்கிய இரவில், "எல்லாம் செய்யவா?" என்று கேட்டார்கள். கனடாவிலிருந்து தம்பி அழுகிறான்: "அண்ணா, காசைப் பார்க்காதீர்கள்." அவனைக் குறை சொல்லமாட்டேன். வர முடியாதவன் வேறு எதைச் சொல்வான்? நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. செயற்கைச் சுவாச இயந்திரம் நோயைக் குணப்படுத்துவதில்லை. திரும்பிவரக்கூடிய நோயாளிக்கு, நுரையீரல் தேறும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது. நியூமோனியா வந்த இளைஞனுக்கு அது உயிர்ப்பிச்சை. ஈரல் முழுக்கப் புற்று பரவிய முதியவருக்கு அது எதற்கான அவகாசம்? இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவார்கள். வயதானவர்களின் விலா எலும்புகள் அதில் முறிவது வழக்கம். இவை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன.

"கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார்கள்" என்று ஊர் பேசுமே என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. கொழும்பில் செத்த வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள்?" என்பதுதான். வலியில்லாமல் போனாரா, பக்கத்தில் யார் இருந்தீர்கள் என்று கேட்பவர்களைக் காண்பது அரிது.

இயந்திரத்தை வேண்டாம் என்றால் சிகிச்சையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. வலிதணிப்புச் சிகிச்சை என்று ஒரு துறையே இருக்கிறது. அது மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை, தள்ளிப்போடுவதும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோர்பின் என்றதும் "ஆளை முடித்துவிடும்" என்று பயப்படுகிறோம். சரியான அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத்திணறலின் தவிப்பையும் தணிக்கும். மஹரகமையில் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சாந்த செவன' இல்லம் இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகவே இருக்கிறது. இத்தனை வருடம் இந்த நகரத்தில் இருந்தும், அப்பா போன பிறகுதான் அந்தப் பெயர் எனக்குத் தெரியவந்தது.

கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதையும் ஏற்றுக்கொண்டது. நம் வீடுகளில் காணி உறுதியை எழுதுகிறோம், நகையைப் பிரித்து எழுதுகிறோம். இதை எழுதிய ஒரு குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மா முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். நான் பயந்தது போல அவர் அழவில்லை. இலையை உருவியபடியே சொன்னார்: "குழாய் வேண்டாம். என் கட்டிலிலேயே இருக்க விடுங்கள். எனக்கு என்ன வருத்தம் என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள்." கொப்பித் தாளில் எழுதி, அவரே வாசித்துக் கையெழுத்திட்டார். அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் அவனிடமிருந்து பதில் இல்லை. நேற்று இரவு அழைத்து, அம்மாவோடு தனியாகப் பேச வேண்டும் என்றான். தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.