பவர் சப்ளையை மாற்றத்தானே கொடுத்தேன்!

கணினியின் பவர் சப்ளையை மாற்றித் தாருங்கள் என்று மட்டும்தான் திருத்தும் கடையில் சொன்னேன். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றவில்லை, பின்பக்கத்தால் கருகல் மணம் வருகிறது, பவர் சப்ளை எரிந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றவும் என்று ஒரு துண்டில் எழுதி, அடியில் என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு, பெட்டியின் தலையில் ஒட்டித்தான் கொடுத்தேன். அந்தத் துண்டு ஒரு மூலைகூடக் கிளம்பாமல் இன்னமும் அப்படியே இருக்கிறது. பெட்டிக்குள் இருந்த, கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸைத்தான் காணவில்லை. துடைத்து அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. பில்லில் மட்டும் எழுதியிருக்கிறார்கள்: பவர் சப்ளை 7,500 ரூபா, விண்டோஸ் 2,500 ரூபா. வெளியில் ஓட்டோ காத்து நின்றது. விவரத்தைப் படிக்காமல் பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில், கொக்குவில் வீட்டுக்கு வந்து, மேசையில் வைத்து, வயர்களை எல்லாம் கொழுவிப் பொத்தானை அழுத்தும்போது சுவர் மணிக்கூட்டில் ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். நான் பாவித்த லினக்ஸ் வகையான மின்ட்டின் பச்சை நிற இலச்சினை வரும் என்று பார்த்திருந்தேன். நீல யன்னல் வந்தது. வலது கீழ் மூலையில் நேரம் 1:42 என்று நின்றது. சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்னால். லினக்ஸ் கணினியின் உள்மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டு, நம் நாட்டுக்குரிய ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டித்தான் திரையில் காட்டும். விண்டோஸ் உள்மணிக்கூட்டில் இருப்பதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். என் லினக்ஸ் அந்தப் பெட்டியில் விட்டுப்போன ஒரே தடம் அந்த 1:42தான். அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன்.

"தம்பி, இதில் இருந்த லினக்ஸ் எங்கே?"

"லினக்ஸா? அன்ரி, இதில் ஒன்றும் இருக்கவில்லை."

ஒன்றும் இருக்கவில்லையாம்! எத்தனை நாளாக இந்த ஒரு வசனம் என் காதுக்குள் நின்று குடைகிறது. ஒன்றும் இல்லாத பெட்டியையா ஆறு மாதம் விழித்திருந்து நான் தட்டிக்கொண்டிருந்தேன்? பிறகு கேட்டால் கதை மெல்ல மெல்ல மாறுகிறது. பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்த்தார்களாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடினவாம். வைரஸ் என்று நினைத்தார்களாம். திடீரென மின்சாரம் அறுந்து அணைந்த கணினி மறுபடி எழும்போது, கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் தன் கோப்பு முறைமையைச் சரிபார்த்துக்கொண்டு எழும். அந்த வரிகள்தான் அவை. சில விநாடிகளில் முடிந்துவிடும். கணினி தன்னைத் தானே சரிபார்ப்பதைப் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்ட ஒரு பழுது திருத்துபவரால் எப்படி முடிகிறது?

"அதற்குப் பிறகு என்ன வந்தது?" என்றேன்.

"ஒரு பெயரும் கடவுச்சொல் கேட்கிற பெட்டியும் வந்தது."

என் பெயர் வந்திருக்கிறது! தமிழில், முழு எழுத்தில், என் பெயர் திரையில் வந்து நின்றிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்ல நாக்கு எப்படி வருகிறது? அந்தத் திரை வந்த கணத்திலேயே அவர்களுடைய வேலை முடிந்துவிட்டது. பவர் சப்ளை வேலை செய்கிறது, கணினி எழும்புகிறது, உரியவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான். பெட்டியின் தலையில் என் தொலைபேசி இலக்கம் ஒட்டியிருக்கிறது. ஓர் அழைப்பு எடுக்க அரை நிமிடம் போதும். விண்டோஸ் போட அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அரை நிமிட வேலையை விட்டுவிட்டு அரை மணித்தியால அழிவைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

டிஸ்க்கைத் திறந்து பார்த்தார்களாம், காலியாக இருந்ததாம். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் பாவிக்கும் கோப்பு முறைமையை விண்டோஸ் தானாக வாசிக்காது. விண்டோஸின் வட்டு நிர்வாகப் பட்டியலில் லினக்ஸ் பகுதி நூற்றுக்கு நூறு வீதம் காலி என்றே தோன்றும். பூட்டிய அறையைச் சாவித்துவாரத்தால் பார்த்துவிட்டு உள்ளே ஆளில்லை என்று சொல்வது போன்றது இது. கணினி திருத்துவது என்று பெயர்ப்பலகை போட்டு வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா? பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிப்பிக்கும் ஊர் இது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு, லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயக்க முறைமை என்றால் என்ன என்று ஒரு பாடமே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"லினக்ஸ் எல்லாம் ஹேக்கர்மார் பாவிக்கிறது, அன்ரி. வீட்டுக்கு விண்டோஸ்தான் நல்லது."

இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய கையில் ஓர் அன்ட்ராய்டு போன் இருந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதிதான். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது இன்று கோடிக்கணக்கான மனிதரின் சட்டைப் பையில் இருக்கிறது. உலகின் அதிவேகக் கணினிகள் 500ஐ நிரைப்படுத்தும் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஐந்நூறுமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. புவியியல் ரீச்சர் ஒருத்தியின் வீட்டு மேசைக்கு மட்டும் அது ஆகாதா? என் மேசைக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும் உரிமையை இவருக்கு யார் கொடுத்தது?

ஆசைக்கு மாறியவள் இல்லை நான். 2016இல் வாங்கிய கணினி, இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பதிவு செய்து பெறலாம் என்றார்கள், அதுவும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். நல்ல நிலையில் ஓடுகிற பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு இலட்சக் கணக்கில் கொடுத்துப் புதிது வாங்க என்னால் முடியாது. அண்ணாவின் மகன், என் மருமகன், வந்து லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தான். 2029 வரை திருத்தங்கள் வரும், ஒரு சதமும் இல்லை. முதல் நாள் வைஃபை குச்சி வேலை செய்யவில்லை. அதை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். போனை வயரால் இணைத்து அந்த முடிச்சை அவிழ்த்தோம். பிறகு ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை.

அந்த ஆறு மாதத்தில் நான் செய்த வேலையைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். என்னிடம் எட்டு வருட வினாத்தாள்கள் இருந்தன. எல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினியில் அடித்தது உள்ளே தமிழே இல்லை. புள்ளி என்று நாம் காண்பது உள்ளே ஆங்கில அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாத ஆங்கிலக் குவியல். தேடவும் முடியாது. ஆகவே எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் யுனிகோட்டுக்கு மாற்ற முடிவெடுத்தேன். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவை தாளில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் பிடித்துத் தமிழ் எழுத்துகளாகச் சிதைத்துவிடும். புவியியல் தாள் என்றால் படத்துக்குப் படம், அடைப்புக்குறிக்கு அடைப்புக்குறி ஆங்கிலப் பெயர்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம், யுனிகோட்டில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். இடைவெளி ஒன்று நடுவில் விழுந்திருந்தால் கொம்பு உரிய எழுத்தோடு சேராமல் நின்றுவிடும். ஒவ்வொரு தாளையும் வரிக்கு வரி பார்த்து, கொம்பை இறக்கி, பெயரைத் திருத்தி, அட்டவணையை நேராக்கி வைத்தேன்.

விரல்களையும் மாற்றினேன். இருபது வருடம் பாமினிக்குப் பழகிய விரல்களைத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்குப் பழக்கினேன். உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ககரத்தை இரண்டு தரம் தட்டினால் முதலாவதில் தானாகவே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகும். முதல் இரண்டு கிழமை ஒரு பக்கம் அடிக்க ஒரு மணித்தியாலம். மூன்றாம் கிழமை ஒரு இரவு, கையைப் பார்க்காமல், ‘பக்கக்கிளை’ என்ற சொல் தானாக ஓடி விழுந்தது. அந்தச் சந்தோசத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் "நல்லது பிள்ளை" என்றார்.

அந்தக் கோப்புகள் போய்விட்டன. பழைய பாமினிப் பிரதிகள் பென் ட்ரைவில் இருக்கின்றன. திருத்தியவற்றில் மாசி மாதம் வரைக்குமானவை இருக்கின்றன. பங்குனியிலிருந்து செய்த மூன்று வருடத் தாள்கள் முழுக்க இல்லை. மீட்கலாமா என்று மருமகனிடம் கேட்டேன். சுழலாத புது வகை எஸ்.எஸ்.டி. வட்டில் விண்டோஸ் ஒரு பகுதியை அழித்து ஃபோர்மட் பண்ணும்போது, இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்று வட்டுக்கு அறிவித்துவிடும், வட்டு அந்த இடங்களைத் துப்புரவாக்கிவிடும், பழைய சுழல் வட்டாக இருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் மாமி என்றான். அவனுக்கே குரல் இறங்கிவிட்டது.

இனி அவர்கள் போட்டுத் தந்ததைக் கேளுங்கள். விண்டோஸ் 10! எதன் காலம் முடிந்துவிட்டது என்று நான் கைவிட்டேனோ, அதையே கொண்டுவந்து போட்டு 2,500 ரூபா எடுத்திருக்கிறார்கள். அதுவும் உரிமம் வாங்கியது இல்லை. களவாக உயிர்ப்பிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, அது பிடிபடாமல் இருக்க வைரஸ் தடுப்பையும் அணைத்து வைத்திருக்கிறார்கள். வைரஸ் என்று பயந்து என் லினக்ஸை அழித்தவர்கள் இவர்கள்தான். சட்டப்படி இலவசமாகக் கிடைத்த, முழு உரிமையோடு நான் பாவித்த ஒன்றை எடுத்தெறிந்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு களவுப் பொருளை என் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

"2,500ஐத் திருப்பித் தருகிறோம் அன்ரி, சத்தம் போடாதேயுங்கோ" என்றார் உள்ளே இருந்து வந்த முதலாளி. காசை வாங்கினேன். ஏன் வாங்கக்கூடாது, அது என் காசு. மன்னிப்பு என்ற சொல் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரே புத்தி: நீங்கள் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் எடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். சரி, எடுக்க வேண்டும்தான். ஆனால் தையல்காரரிடம் பொத்தான் தைக்கக் கொடுத்த சட்டையை அவர் கத்தரித்துக் கைலேஞ்சியாக்கித் தந்தால், உன்னிடம் இன்னொரு சட்டை இருந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்வீர்களா? முதலில் தையல்காரரின் கையைப் பிடித்துக் கேளுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்.

நேற்று மருமகன் வந்து மறுபடி மின்ட் போட்டுவிட்டுப் போனான். மூலையில் நேரம் சரியாக வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு இரண்டாம் தவணைத் தாளைத் திறந்து முதலாவது கொம்பை இறக்கத் தொடங்கியிருக்கிறேன், மூன்றாம் வினா வரை வந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதில் பக்கம் வாள் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒழுங்கைக்கு மேலால் போன எங்கள் மாங்கிளையை அயல் வீட்டுக்காரர் அடியோடு அறுத்துத் தள்ளிவிட்டார்கள். சருகு விழுந்து அவர்களுடைய வாசல் ஊத்தையாகிறதாம். கறுத்தக்கொழும்பான் இன மா. போன வருடம் காய்க்காமல் விட்டு இந்த வருடம்தான் குலை குலையாகப் பிடித்த கிளை. இன்னும் மூன்று கிழமை பொறுத்திருந்தால் பழுத்திருக்கும். முப்பது காய்க்கு மேல், காம்பில் பால் வடிய மணலில் கிடக்கின்றன. கணினியை அப்படியே விட்டுவிட்டுக் கடகத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். காய்களைப் பொறுக்கிய கையோடு அந்தப் படலையையும் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.