மூச்சு இருந்தது, தூக்கினேன்

சரி, அந்தப் படத்தைப் பற்றி நானும் எழுதிவிடுகிறேன். ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள், படத்தில் இருப்பவள் மட்டும்தான் பாக்கி.

முதுகில் ஒரு பை, முன்னால் ஒரு பை, பின்னணியில் பசிலிகா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். ஆமாம், ஈக்வடார் தலைநகர் கித்தோதான். ஆமாம், இரண்டு பையையும் நான்தான் தூக்கினேன். "கூலி இன்னும் வரவில்லை" என்று மேலே எழுதியதும் நானேதான், விளையாட்டாக. அதை வெட்டிவிட்டு, "பொண்டாட்டியைச் சுமக்கவிட்டுப் படம் எடுக்கிறான், ஆம்பளையா இவன்?" என்று தலைப்பு வைத்துச் சுற்றவிட்ட புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

நடந்தது இவ்வளவுதான். விமான நிலையம் ஊருக்கு வெளியே, ஊரைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. அங்கே இறங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஊருக்குள் ஏற ஏற இவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஹாஸ்டலுக்குப் பத்து நிமிட நடை என்றது மேப். மேட்டைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. பாதி மேட்டில் இவர் நின்றார், உதடு வெளுத்திருந்தது. "ரெண்டு நிமிஷம்" என்றார். ரெண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் "ரெண்டு நிமிஷம்". பையைக் கழற்றி நான் மாட்டிக்கொண்டேன்.

நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். கித்தோ நகரமே 2,850 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, சென்னையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். உடம்பு பழக இரண்டு மூன்று நாளாகும். இவர் வாரத்துக்கு நான்கு நாள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர். நான் பால் பாக்கெட்டோடு இரண்டாவது மாடியில் நின்று இளைப்பாறுகிறவள். ஆனாலும் இவரைப் பிடித்தது, என்னை விட்டது. மலை அதெல்லாம் பார்த்துப் பிடிப்பதில்லை. மீசையையும் பார்ப்பதில்லை.

எனக்கு மூச்சு இருந்தது, தூக்கினேன். இவருக்கு இருந்திருந்தால் இவர் தூக்கியிருப்பார். இதில் என்ன புரியவில்லை?

ஹாஸ்டல்கார அம்மாவுக்கு உடனே புரிந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏதோ மூலிகைத் தேநீர் கொடுத்து, கையைத் தாழ்த்தித் தாழ்த்தி "தெஸ்பாசியோ, தெஸ்பாசியோ" என்றார். மெதுவாக, மெதுவாக. எங்களுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தம் பத்து வார்த்தை, பதினோராவது அது. அன்றிரவு இவருக்கு இறங்கியது லோக்ரோ மட்டும்தான். உருளைக்கிழங்கைக் குழையக் குழைய வேகவிட்டு, சீஸ் போட்டு, மேலே அவகாடோ கீற்று வைத்துத் தருகிற கெட்டி சூப். உருளைக்கிழங்கு பிறந்ததே அந்த ஆண்டிஸ் மலைத்தொடரில்தான், ருசிக்குக் கேட்கவா வேண்டும். தன் கிண்ணத்து அவகாடோவை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். அன்றைக்கு அவரால் முடிந்த காதல் அவ்வளவுதான்.

"இவ்வளவு செலவு செய்து போய் ரூமில் படுக்கவா?" ஆமாம், படுத்தோம். பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் 3,900 மீட்டர் வரை ஏற்றிவிடும் ரோப் காரில் முதல் நாளே ஏறியிருக்க வேண்டுமாம், ஒருவர் எழுதியிருக்கிறார். அடுத்த முறை அவரைக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு நாங்கள் கீழே நிற்கிறோம்.

பணத்திமிர் என்றவர்களுக்கு: மூன்று வருடச் சீட்டுப் பணம். எட்டுப் பேர் படுக்கும் அறை. 2000-ம் ஆண்டிலிருந்து அங்கே டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது. சூப், சோறு, ஜூஸ் என்று மதியச் சாப்பாடு மூன்று டாலர் சொச்சம். கணக்கு நோட்டு வேண்டுமா, அனுப்பிவைக்கிறேன்.

"அந்த நாட்டுக்கா போனீர்கள்?" 2024 ஜனவரியில் அவசரநிலை அறிவித்ததும், அந்த நாட்டின் குவாயகில் நகரத்தில் நேரலையில் இருந்த டிவி நிலையத்துக்குள் ஒரு கும்பல் துப்பாக்கியோடு புகுந்ததும் எங்களுக்கும் தெரியும். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பினோம். நியாயமான கேள்விதான். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அடுத்து.

அடுத்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. எனக்காகப் பேசுவதாக நினைத்து, "உலகம் சுற்றப் போனாலும் சுமப்பவள் பெண்தானா?" என்று எழுதிய தோழிகள். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மூன்று மாடி ஏற்றியது யார் தெரியுமா? அப்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். அதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் "பொண்டாட்டிதாசன்" என்று தலைப்பு வைத்திருப்பீர்கள். தூக்கினாலும் குற்றம், தூக்காவிட்டாலும் குற்றம் என்றால் அந்த மனுஷன் எங்கேதான் போவார்?

இரண்டாம் நாள் இவரைத் தூங்கவிட்டு நான் மட்டும் ஊர் நடுச் சதுக்கமான பிளாசா கிராந்தே வரை போய்விட்டு வந்தேன். திரும்பும்போது அதே மேட்டில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி, தலையில் ஃபெல்ட் தொப்பி, முதுகில் துணியில் கட்டிய மூட்டை. துணியின் முடிச்சை நெஞ்சோடு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தின நாள் இரண்டு பையோடு நான் ஏறியபோதும் அந்தத் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நம் ஊரிலிருந்து ஆள் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் இவரே எழுந்து பசிக்கிறது என்றார், பசிலிகா வரை நடந்தும் வந்தார். அங்கே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை இகுவானாவும் ஆமையும், எல்லாம் அந்த நாட்டுப் பிராணிகள். நம் கோயில் யாளி மாதிரி. அங்கே எடுத்துப் போட்ட படத்தில் இவரும் இருந்தார், பையோடு. பதினோரு லைக்.

முன்பின் தெரியாதவர்கள் பேசினால் துடைத்துப் போட்டுவிடலாம். முதலில் வெட்டிப் பரப்பியது, எங்கள் கல்யாணப் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். பெயர் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

இவர் இத்தனை நாளும் ஒன்றும் பேசவில்லை. நேற்று இரவு மட்டும், "அந்தப் படத்தை எடுத்துடேன்" என்றார். அதை எடுத்ததே அவர்தான். படியில் உட்கார்ந்து, வாங்குகிற மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். கோபுரம் லேசாகச் சாய்ந்திருக்கும், பாருங்கள், கை நடுங்கியிருக்கிறது. நான் எடுக்கப்போவதில்லை.

அப்புறம், நான் சுமந்துவிட்டதாக நீங்களெல்லாம் பரிதாபப்பட்ட அந்த முன்பக்கப் பை, இவருடைய பை, அதில் பாதி என் துணிதான்.