ஒன்பதாவது வளைவில் ஒரு வரையாடு
'தனியாகப் போனால்தான் இயற்கையை முழுதாக ரசிக்க முடியும்' என்று ஒரு கட்டுரையில் படித்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். தனியாக ஓட்டிப் போன தடவை சாலையைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. நண்பர்களோடு போனபோது, ஒன்பதாவது வளைவில் பின்சீட்டில் இருந்தவன் தோளைத் தொட்டு "அங்க பாருடா" என்றான். பாறை மேல் ஒரு வரையாடு, குட்டியோடு, அசைபோட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. கீழே தூரத்தில் அணைத் தண்ணீர். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் திரும்பும் வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோயில். பின்சீட்டில் இருந்த அந்த நண்பனின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதால், சாமியே கும்பிடாத அவனும் எங்களோடு வரிசையில் நின்றான். படுத்த கோலத்தில் இருக்கும் அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், கார் வரைக்கும் என் கையை விடவே இல்லை.